குளோரின் அணுவின் வேகம்

ரசாயன சாஸ்திரத்தின் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கதை ஒன்று உண்டு. பிரான்ஸ் தேசத்தைப் பத்தாம் சார்லஸ் மன்னன் ஆண்டுகொண்டிருந்த காலம். பாரிஸ் நகரத்து டூயிலரி அரண்மனையில் ஒருநாள் இரவு விருந்து நடந்தது. மெழுகுவத்திகள் ஏற்றப்பட்ட சற்று நேரத்திற்கெல்லாம் விருந்தினருக்குக் கண் கரித்தது, தொண்டை கமறியது, இருமல் எழுந்தது. காரணம் காணும் பொறுப்பு அலெக்ஸாந்தர் பிரோஞியார் என்ற அறிஞரிடம் வந்தது. அவர் அதனைத் தம் மருமகனாகிய ழான் பாப்டிஸ்ட் தூமா என்ற இளம் ரசாயன விஞ்ஞானியிடம் ஒப்புவித்தார். தூமா ஆராய்ந்து பார்த்தார். மெழுகை வெண்மையாக்குவதற்காக அதனைக் குளோரின் வாயுவால் வெளுத்திருந்தார்கள். வெளுத்தபின் அந்தக் குளோரின் மெழுகை விட்டு நீங்கிவிடவில்லை. மெழுகோடு ரசாயனமாகவே இணைந்து உள்ளே தங்கிவிட்டது. திரி எரிந்தபோது அது ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையாக வெளிப்பட்டது.

இக்கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அலங்காரம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இதில் அடங்கியுள்ள வினா மிகப் பெரியது. குளோரின், கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு பொருளைச் சந்திக்கும்போது என்ன நிகழ்கிறது? எவ்வாறு நிகழ்கிறது? எவ்வளவு வேகத்தில் நிகழ்கிறது? முதல் இரண்டு வினாக்களுக்கும் விடைகாண ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. மூன்றாவது வினா, சோதனைச் சாலையின் மூலையில் சிலர் மட்டுமே பொழுதுபோக்கக் கூடிய நுட்பம் என்று நெடுநாள் எண்ணப்பட்டது. பின்னர் அந்த விடையைப் பொறுத்தே உலக நாடுகள் ஒன்றுகூடிச் சட்டம் செய்ய நேர்ந்தது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

குளோரின் வாயுவை முதன்முதல் பிரித்துக் காட்டியவர் ஸ்வீடன் தேசத்து மருந்துக் கடைக்காரரான கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. ஆண்டு 1774. அது பிராணவாயு கலந்த ஒரு கூட்டுப்பொருள் என்றே அக்காலத்தவர் நம்பினர். 1810-ஆம் ஆண்டில் ஸர் ஹம்ப்ரி டேவி, அது வேறெதுவும் கலவாத தனி மூலகம் என்று எடுத்துக்காட்டினார். அதன் வெளிறிய பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டி அதற்குக் குளோரின் என்று பெயரிட்டவரும் அவரே. அதற்கு முன்னரே பெர்த்தொலே என்ற பிரெஞ்சு அறிஞர் துணிகளை வெளுக்க அதனைப் பயன்படுத்தும் வழியைக் கண்டிருந்தார். இன்று நகரங்களின் குழாய்த் தண்ணீரில் நாம் முகரும் வாசனை அதே குளோரினின் வாசனைதான்.

தூமாவிடம் மீண்டும் வருவோம். அவர் 1834-ஆம் ஆண்டில் ஒரு விதியை வெளியிட்டார். கரிமப் பொருள் ஒன்றைக் குளோரின் தாக்கும்போது, அப்பொருளிலிருந்து ஓர் ஹைட்ரஜன் வெளியேறுகிறது. அது நீங்கிய இடத்தில் ஒரு குளோரின் வந்து அமர்கிறது. இதற்கு இடப்பெயர்ச்சி விதி என்று பெயர். எளிதாகத் தோன்றும் இக்கருத்து அந்நாளில் பெரும் பூசலைக் கிளப்பியது. ஏனெனில், ரசாயன உலகில் அப்போது தனியரசு செலுத்தியவர் ஸ்வீடனின் பெர்ஸீலியஸ். பொருள்களை இணைத்து நிறுத்துவது மின்சார ஈர்ப்பே என்பது அவர் கொள்கை. ஹைட்ரஜன் நேர்மின் தன்மை உடையது. குளோரின் எதிர்மின் தன்மை உடையது. ஒன்றின் ஆசனத்தில் அதற்கு நேர்மாறான மற்றொன்று எப்படி அமரும்? அவ்வாறு அமர்ந்தும் பொருளின் இயல்பு அடியோடு மாறாமல் இருப்பது எப்படி? ஆயினும் 1839-ஆம் ஆண்டில் தூமா, புளிக்காடியின் அமிலமாகிய அஸெடிக் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன்களை நீக்கி மூன்று குளோரின்களை வைத்துக் காட்டினார். வந்த பொருளும் அமிலமாகவே இருந்தது.

எதிர்த்தரப்பினர் எளிதில் விடவில்லை. 1840-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லீபிக் நடத்திய பத்திரிகையில், புனைபெயரில் ஒரு கேலிக் கடிதம் வெளியாயிற்று. எழுதியவர், யூரியாவைச் செயற்கையாகச் செய்து புகழ்பெற்ற வேலர். ஓர் உப்பில் இருந்த ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், கரி, உலோகம் ஆகிய யாவற்றையும் நீக்கிவிட்டு எல்லா இடங்களிலும் குளோரினையே வைத்துவிட்டதாகவும், அப்பொழுதும் அந்த உப்பின் இயல்பு மாறவில்லை என்றும் அக்கடிதம் கூறியது. லண்டன் கடைகளில் முழுதும் குளோரினால் நூற்ற துணிகள் விற்பனைக்கு வந்துவிட்டதாகவும் அது சேர்த்துக்கொண்டது. கேலி நயமானதுதான். ஆனால் விதி நிலைத்தது. தூமா கண்டது உண்மை என்பதைப் பின்வந்த நூற்றுக்கணக்கான பொருள்கள் நிறுவின.

குளோரின் இடம்பிடிக்கிறது என்பது தெளிவாயிற்று. எவ்வாறு பிடிக்கிறது? இதற்கான துப்பு வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. கே-லுஸாக், தெனார் என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1809-ஆம் ஆண்டில் ஒரு விந்தையைப் பதிவு செய்திருந்தார்கள். ஹைட்ரஜன் வாயுவையும் குளோரின் வாயுவையும் கலந்து இருட்டில் வைத்தால் அவை அமைதியாகவே கிடக்கும். அதே கலவையின்மீது வெயில் பட்டதோ இல்லையோ, படீரென்று வெடிக்கும். வெயிலுக்கும் வாயுவுக்கும் என்ன உறவு? நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹைடல்பர்க் நகரில் பன்ஸனும் அவர் மாணவராகிய ராஸ்கோவும் இதனைப் பல ஆண்டுகள் வருந்தி அளந்தார்கள். ஒளி பட்டவுடன் வினை தொடங்காமல் சற்றுத் தயங்குவதைக் கண்டு திகைத்தார்கள். அத்தயக்கத்திற்குக் காரணம் வாயுவில் ஒளிந்திருந்த அற்ப அழுக்கே என்று 1906-ஆம் ஆண்டில் பர்ஜெஸ், சாப்மன் என்ற இருவர் காட்டினார்கள். குளோரினைப் பற்றிய ஆராய்ச்சியில் தூய்மை எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இது முதல் பாடம்.

இருபதாம் நூற்றாண்டு தொடங்கியபோது ஒளியைப் பற்றிய கருத்தே மாறியது. ஒளி சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது. ஒரு பொட்டலம் ஒரு மூலக்கூற்றில் மட்டுமே முதல் மாற்றத்தை உண்டாக்கும் என்று ஐன்ஸ்டைனும் ஸ்டார்க்கும் கூறினர். அப்படியானால் ஒரு பொட்டலத்திற்கு ஒன்றிரண்டு அமில மூலக்கூறுகள் உண்டாவதுதான் முறை. ஆனால் மாக்ஸ் போடன்ஸ்டைன் அளந்தபோது, குளோரினும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவில் ஒரு பொட்டலத்திற்கு லட்சக்கணக்கான மூலக்கூறுகள் உண்டாயின! கொடுத்த காசு ஒன்று, வந்த சரக்கு லட்சம். இக்கணக்கு எப்படிச் சரியாகும்? வினை சங்கிலிபோலத் தொடர்கிறது என்று போடன்ஸ்டைன் 1913-ஆம் ஆண்டில் விடை சொன்னார். அச்சங்கிலியின் கண்ணிகள் எவை என்பதை 1918-ஆம் ஆண்டில் வால்தர் நேர்ன்ஸ்ட் விளக்கினார்.

அவர் விளக்கம் இது. குளோரின் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கின்றன. ஒளி அக்கைகளைப் பிரிக்கிறது. தனித்துவிட்ட குளோரின் அணு துணையின்றி நிற்க மாட்டாது. எதிர்ப்பட்ட ஹைட்ரஜன் மூலக்கூற்றிலிருந்து ஓர் அணுவைப் பறித்துக்கொண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. இப்போது தனித்துவிட்டது மற்றொரு ஹைட்ரஜன் அணு. அது ஒரு குளோரின் மூலக்கூற்றைத் தாக்கி ஓர் அணுவைப் பறிக்கிறது. மீண்டும் ஒரு குளோரின் அணு தனித்து நிற்கிறது. இவ்வாறு முதலில் இருந்தது போலவே ஓர் அணு ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மீண்டு வருகிறது. இரு தனியணுக்கள் சந்தித்துத் தம்முள் இணையும் வரையில், அல்லது கலத்தின் சுவரில் மோதி அடங்கும் வரையில், அச்சுற்று ஓய்வதில்லை. ரசாயன வினைகளின் போக்கையும் சங்கிலி வினைகளையும் விரிவாக ஆராய்ந்த பிரிட்டனின் ஹின்ஷல்வுட்டுக்கும் ரஷ்யாவின் ஸெமனோவுக்கும் 1956-ஆம் ஆண்டில் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

தூமாவின் மெழுகிலும் நிகழ்ந்தது இதன் இனமே. ஹைட்ரஜன் மூலக்கூற்றின் இடத்தில் மீத்தேன் போன்ற ஒரு கரிமப் பொருளை வைத்துப் பார்ப்போம். மீத்தேன் என்பது சதுப்பு நிலங்களிலும் சாண எரிவாயுவிலும் உள்ள வாயு. ஒரு கரி அணுவைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் கொண்டது. குளோரின் அணு அவற்றில் ஒன்றைப் பறிக்கிறது. எஞ்சிய துண்டு, கை ஒன்று ஒடிந்ததுபோல் நிற்கிறது. அதனை விஞ்ஞானிகள் தனியுறுப்பு என்பர். அது ஒரு குளோரின் மூலக்கூற்றைத் தாக்கி ஓர் அணுவைத் தன் ஒடிந்த கையில் ஏற்றுக்கொள்கிறது. தூமா கண்ட இடப்பெயர்ச்சி முற்றுப்பெறுகிறது. மற்றோர் குளோரின் அணு விடுபட்டு அடுத்த மீத்தேனைத் தேடிப் போகிறது. இத்தகைய தனியுறுப்புகள் வாயுவில் உண்மையாகவே உலவுகின்றன என்பதை 1929-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் பானெத் காட்டினார். கண்ணாடிக் குழாயின் உட்சுவரில் ஈயத்தை மெல்லிய பூச்சாகப் படியவைத்து, அத்துண்டுகள் கடந்து செல்லும்போது அந்தப் பூச்சு கரைந்து மறைவதை அவர் கண்ணாரக் கண்டார்.

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். எவ்வளவு வேகம்?

வாயுவில் மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. எல்லா மோதலும் வினையில் முடிவதில்லை. மலையைக் கடந்து அடுத்த ஊருக்குப் போகவேண்டியவன் கணவாயின் உயரத்திற்கு ஏறியாக வேண்டும் அன்றோ? அதுபோல ஒவ்வொரு வினைக்கும் கடக்கவேண்டிய ஒரு மேடு உண்டு என்று ஸ்வீடனின் அர்ஹீனியஸ் 1889-ஆம் ஆண்டில் கூறினார். மேடு தாழ்ந்திருந்தால் பெரும்பாலான மோதல்கள் பலிக்கும். உயர்ந்திருந்தால் வேகமிக்க சில மூலக்கூறுகளே கடக்கும். வெப்பம் குறையும்போது அந்தச் சிலரும் குறைவர்.

குளோரின் அணுவுக்கு இம்மேடு பொதுவாக மிகத் தாழ்வானது. ஆனால் எல்லாக் கரிமப் பொருள்களிலும் ஒரே அளவன்று. ஒரே மூலக்கூற்றுக்குள்ளேயே எல்லா ஹைட்ரஜனும் ஒன்றுபோல் அகப்படுவதில்லை. சங்கிலியின் முனையில் உள்ள ஹைட்ரஜனைவிட நடுவில் உள்ளது அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு எளிதாகப் பறிபடும். கிளை பிரியும் இடத்தில் உள்ளது ஏறக்குறைய ஐந்து மடங்கு எளிதாகப் பறிபடும். இத்தகைய விகிதங்களை ஹாஸ் என்ற அமெரிக்க ரசாயன விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் 1936-ஆம் ஆண்டில் முறைப்படுத்தி வெளியிட்டனர்.

பிரிட்டனில் ட்ராட்மன்-டிக்கன்ஸன், நாக்ஸ் முதலியோர் 1950-களில் கையாண்ட முறை அழகானது. ஓர் ஓட்டக்காரன் எவ்வளவு விரைவாக ஓடுகிறான் என்று அறிய நல்ல கடிகாரம் இல்லையென்றால், இருவரை ஒரே களத்தில் ஓடவிட்டு யார் முந்துகிறார் என்று பார்க்கலாம். அதுபோல ஒரே கலத்தில் இரண்டு கரிமப் பொருள்களை வைத்துக் குளோரின் அணுக்களை விடுவித்தார்கள். இரண்டும் ஒரே அணுக் கூட்டத்தைத்தான் சந்திக்கின்றன. ஆகவே அணுக்கள் எத்தனை என்று தெரியாவிட்டாலும், ஒவ்வொரு பொருளும் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் இரண்டின் வேக விகிதம் கிடைத்துவிடும். ஒன்றின் வேகம் முன்பே தெரிந்திருந்தால் மற்றதன் வேகமும் தெரிந்துவிடும்.

நேராகவே கடிகாரம் பிடித்து அளக்கும் முறைகளும் வந்தன. கேம்பிரிட்ஜில் நாரிஷும் போர்ட்டரும் 1940-களின் இறுதியில் ஒரு வழியைக் கண்டனர். வாயுவின்மீது ஒரு மின்வெட்டுப்போன்ற ஒளியைப் பாய்ச்சி அணுக்களை உண்டாக்கினார்கள். அடுத்த கணமே மற்றோர் ஒளியால் உள்ளே என்ன இருக்கிறது என்று படம் பிடித்தார்கள். ஒரு குளோரினும் ஓர் ஆக்ஸிஜனும் சேர்ந்த, கணநேரமே வாழும் குளோரின் மானாக்ஸைடு என்ற துண்டை வாயுவில் அவர்கள் கண்டது இம்முறையினால்தான். அவ்விருவரும் ஐகன் என்பவரும் 1967-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். வேறொரு முறையில், ஹீலியம் வாயு விரைந்து ஓடும் குழாயில் குளோரின் அணுக்களை விட்டு, கீழ்நோக்கி வெவ்வேறு தூரங்களில் அளந்தார்கள். ஓட்டத்தின் வேகம் தெரியுமாதலால் அங்கே தூரமே கடிகாரமாயிற்று.

இவ்வாறு கிடைத்த எண்களில் சில நினைவிற் கொள்ளத்தக்கவை. சமையல் வாயுவில் கலந்துள்ள புரோப்பேனை ஒரு குளோரின் அணு சந்தித்தால், இரண்டு மூன்று மோதல்களுக்குள் ஹைட்ரஜனைப் பறித்துவிடும். மீத்தேனைச் சந்தித்தாலோ ஆயிரக்கணக்கான மோதல்களில் ஒன்றுதான் பலிக்கும். மீத்தேனுக்கு அடுத்த உறவினனாகிய ஈத்தேன், அறை வெப்பத்தில் மீத்தேனைவிட ஏறக்குறைய 600 மடங்கு விரைவாகக் குளோரின் அணுவுக்கு இரையாகிறது. மீத்தேன் வினையின் மேடு சற்று உயர்ந்தது. ஆகவே வெப்பத்தை உறைநிலைக்குக் கீழே 70 டிகிரிக்கு மேல் தாழ்த்தினால் அதன் வேகம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. யாருக்கு இதனால் பயன் என்று அந்நாளில் கேட்டிருந்தால், அளந்தவர்கள் தாமும் திகைத்திருக்கக்கூடும்.

விடை ஆகாயத்திலிருந்து வந்தது. 1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, குளிர்ப்பெட்டிகளுக்கு ஏற்ற புதிய வாயுக்களைக் கண்டுபிடித்தார். கரி, குளோரின், ஃப்ளூரின் ஆகியவை சேர்ந்த பொருள்கள் அவை. நஞ்சு இல்லை, தீப்பிடிப்பதில்லை, எதனோடும் வினைபுரிவதில்லை. அவற்றில் ஹைட்ரஜன் இல்லாமையால், கீழ்க்காற்றில் கரிமப் பொருள்களைச் சிதைக்கும் சக்திகளுக்கு அங்கே பறிக்க ஒன்றும் இல்லை. இந்தச் சிறப்பே பின்னர் குறையாயிற்று. வினைபுரியாத பொருள் அழிவதும் இல்லை. 1974-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கலிபோர்னியாவில் பணியாற்றிய மாரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இவ்வாயுக்கள் மெல்ல மெல்ல மேலேறி ஓஸோன் மண்டலத்தை அடைகின்றன. அங்குள்ள புற ஊதாக் கதிர்கள் அவற்றைப் பிளந்து குளோரின் அணுக்களை விடுவிக்கின்றன. அவ்வணுக்கள் ஓஸோனை அழிக்கின்றன என்பது அதன் சாரம்.

இங்கும் நேர்ன்ஸ்ட் கண்ட சங்கிலியே ஓடுகிறது. குளோரின் அணு ஓஸோனிலிருந்து ஓர் ஆக்ஸிஜன் அணுவைப் பறித்துக் குளோரின் மானாக்ஸைடாகிறது. அது ஒரு தனி ஆக்ஸிஜன் அணுவைச் சந்தித்து அதனிடம் தன் ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டு மீண்டும் குளோரின் அணுவாகிறது. ஓர் அணு இவ்வாறு ஏறக்குறைய ஒரு லட்சம் ஓஸோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது என்று கணக்கிட்டனர். அச்சுற்றை நிறுத்துபவர் யார்? மீத்தேன்தான். கீழிருந்து மேலேறிய மீத்தேனைக் குளோரின் அணு தாக்கினால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி அடங்கிவிடுகிறது. ஓஸோனுக்கு அது தீங்கு செய்யாது. காலப்போக்கில் கீழிறங்கி மழையோடு மண்ணைச் சேரும். ஆகவே ஓஸோனின் தலைவிதி ஒரு பந்தயத்தைப் பொறுத்தது. குளோரின் அணு ஓஸோனை எவ்வளவு விரைவாகத் தாக்குகிறது? மீத்தேனை எவ்வளவு விரைவாகத் தாக்குகிறது? கண்ணாடிக் குழாயில் அளந்த எண்கள் திடீரென்று அரசாங்கங்களின் மேஜைக்கு வந்தது இவ்வாறுதான்.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டில் பிறந்த ஒருவரின் பெயரும் இடம்பெறுகிறது. வீரபத்திரன் ராமநாதன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். படிப்பு முடிந்ததும் ஊரைவிட்டுச் செகந்தராபாத்துக்குச் சென்று குளிர்ப்பெட்டித் தொழிலில் பணியாற்றினார். அந்த வாயுக்கள் பெட்டியிலிருந்து கசிந்து போவதைத் தடுப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. பெங்களூரிலும் அமெரிக்காவிலும் மேற்படிப்பை முடித்தபின், 1975-ஆம் ஆண்டில் அவரே மற்றோர் உண்மையை வெளியிட்டார். இவ்வாயுக்கள் ஓஸோனைக் கெடுப்பதோடு நில்லாமல், பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் பிடித்து வைக்கின்றன. அவ்வகையில் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் பல்லாயிரம் மூலக்கூறுகளுக்கு ஈடாகும் என்பதே அது. பிழைப்புக்காக வெளியூர் சென்ற இளைஞரின் கையில் கசிந்த வாயு, பின்னர் அவருடைய ஆராய்ச்சியின் பொருளாயிற்று.

ஆனால் எண்கள் உடனே ஒரே குரலில் பேசிவிடவில்லை. அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் அவ்வப்போது மதிப்பிட்டுச் சொன்ன கணக்கைப் பாருங்கள். நெடுங்காலத்தில் ஓஸோன் எவ்வளவு குறையும்? 1976-இல் 7 சதவிகிதம் என்றார்கள். 1979-இல் 16 சதவிகிதத்திற்கு மேல் என்றார்கள். 1984-இல் 2 முதல் 4 சதவிகிதம் என்றார்கள். ஏன் இத்தனை ஏற்ற இறக்கம்? சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் புதிதாக அளக்கும்போது முழுக்கணக்கும் அசைந்தது. 1977-ஆம் ஆண்டில் நைட்ரஜன் சேர்ந்த ஒரு வினை, முன்பு எண்ணியதைவிடப் பன்மடங்கு விரைவானது என்று தெரிந்தபோது மதிப்பீடு உயர்ந்தது. வேறு அளவைகள் வந்தபோது தாழ்ந்தது. வாயுக்களைச் செய்து விற்றவர்கள் இத்தடுமாற்றத்தைச் சுட்டிக்காட்டி, விஞ்ஞானிகளுக்கே நிச்சயம் இல்லாதபோது எங்களை ஏன் தடுக்க வேண்டும் என்றனர். 1984-இல் அபாயம் சிறிது என்று பலர் ஆறுதல் அடைந்தனர்.

அடுத்த ஆண்டே அந்த ஆறுதல் குலைந்தது. 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரிட்டனைச் சேர்ந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்ற மூவர், தென்துருவக் கண்டத்தில் ஹாலி விரிகுடாவில் எடுத்த அளவுகளை வெளியிட்டனர். அங்கே வசந்த காலத்து ஓஸோன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து போயிருந்தது. எந்தக் கணக்கும் இதனை முன்னறிவிக்கவில்லை. கணக்கில் இருந்த வேகங்கள் தவறானவை அல்ல. வாயுக்கள் வாயுக்களோடு மட்டுமே வினைபுரிகின்றன என்று கொண்டதுதான் குறை. தென்துருவக் குளிர்காலத்தின் கடுங்குளிரில் ஓஸோன் மண்டலத்தில் மெல்லிய பனிமேகங்கள் தோன்றுகின்றன. அடங்கிக் கிடந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் அம்மேகத் துகள்களின்மேல் மற்றொரு குளோரின் சேர்மத்தோடு வினைபுரிந்து மீண்டும் குளோரின் வாயுவாகிறது என்று 1986-இல் ஸூஸன் ஸாலமன் முதலியோர் விளக்கினர். நீண்ட இரவு முடிந்து சூரியன் எட்டிப்பார்த்ததும் அக்குளோரின் பிளவுபட்டு அணுவாகிறது. மீத்தேன் பிடித்து அடைத்து வைத்த கைதிகளை மேகம் திறந்துவிடுகிறது. அக்குளிரில் மீத்தேனின் கையோ மிகவும் தளர்ந்திருக்கிறது என்பதை முன்பே கண்டோம்.

1987-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் உயரப் பறக்கும் விமானம் ஒன்று தென்துருவத்தின்மேல் சென்று அளந்தது. குளோரின் மானாக்ஸைடு எங்கே மிகுந்ததோ அங்கே ஓஸோன் குறைந்திருந்தது. போர்ட்டரும் நாரிஷும் கண்ணாடிக் குழாயில் கண்ட கணநேரத் துண்டு, ஆகாயத்தில் குற்றவாளியின் கைரேகையாக நின்றது. அதே செப்டம்பர் 16-ஆம் நாள் மான்ட்ரீல் நகரில் நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஏழை நாடுகள் மாற்றுப் பொருள்களுக்குச் செலவிட உதவிநிதி வேண்டும் என்று இந்தியாவும் சீனாவும் வற்புறுத்தியதன் பயனாக 1990-இல் லண்டனில் அந்நிதிக்கு வழி செய்யப்பட்டது. 1992-இல் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. மோலினா, ரோலண்ட், க்ரூட்ஸன் ஆகிய மூவருக்கும் 1995-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடன்படிக்கை ஒழுங்காகக் கைக்கொள்ளப்பட்டால், தென்துருவத்தின்மேல் ஓஸோன் 2066-ஆம் ஆண்டை ஒட்டி 1980-இல் இருந்த நிலையை அடையும் என்று உலக வானிலை நிறுவனம் முதலியவற்றின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது.

நேயர்களே, குளோரின் அணு மேலே மட்டும் இருப்பதன்று. நாம் சுவாசிக்கும் கீழ்க்காற்றிலும் உலவுகிறது. எண்ணிக்கையில் மிகச் சிறிது. நேராக எண்ணுவதும் கடினம். அதனைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் கைக்கொண்ட உபாயம் பழைய வேக அளவைகளின் நேர்ப்பயன். கீழ்க்காற்றின் வழக்கமான துப்புரவாளன் ஹைட்ராக்ஸில் என்ற துண்டு. அது ஐஸோபியூட்டேன், பியூட்டேன் என்ற இரு வாயுக்களையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் அழிக்கிறது. புரோப்பேனை மெதுவாக அழிக்கிறது. குளோரின் அணுவோ ஐஸோபியூட்டேனையும் புரோப்பேனையும் ஒரே வேகத்தில் அழிக்கிறது. பியூட்டேனை அவற்றினும் விரைவாக அழிக்கிறது. ஆகவே ஒரு காற்றில் இம்மூன்றும் என்ன விகிதத்தில் எஞ்சியுள்ளன என்று பார்த்தால், வந்துபோனவன் யார் என்று கூறிவிடலாம். கனடாவின் வடகோடியில் அலர்ட் என்னும் இடத்தருகே, துருவ இரவு முடிந்து சூரியன் உதிக்கும் காலத்தில் எடுத்த காற்றில் குளோரின் அணுவின் சுவடு இவ்வாறு தெளிவாகத் தெரிந்தது. இம்முடிவு 1994-இல் வெளியாயிற்று.

கடற்காற்றின் உப்பும் குளோரினுக்கு ஊற்றாகிறது. இரவில் நகரப் புகையின் நைட்ரஜன் சேர்மங்கள் உப்புத் துகள்களின்மேல் படிந்து நைட்ரில் குளோரைடு என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. காலை வெயில் அதனைப் பிளந்து குளோரின் அணுவை விடுவிக்கிறது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் கரையோரத்தில் இதனைக் கண்ட செய்தி 2008-இல் வெளிவந்தது. டில்லியில் குளிர்காலத்தைக் கழிக்கும் தமிழன்பர்கள் அறியவேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. கடலுக்கு எட்டாத அந்நகரின் குளிர்காலக் காற்றில் குளோரைடு மிக அதிகமாக இருப்பதைச் சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகளின் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டது. பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதாலும் தொழிற்சாலைகளாலும் எழும் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை, அம்மோனியாவோடு கூடித் துகளாகி, ஈரத்தை உறிஞ்சிப் பருக்கிறது. அதனால் மூட்டமும் மூடுபனியும் திணிகின்றன என்பது அவ்வாய்வின் முடிவு. குளோரைடு துகள் உள்ள இடத்தில், இரவில் உண்டாகி விடியலில் பிளவுபடும் அதே வினைத்தொடருக்கும் இடமுண்டு.

தெருமுனையில் எரியும் பிளாஸ்டிக் குப்பையின் புகைக்குக் கண் கரிக்கும்போது, அக்கரிப்பிற்கு ஒரு காரணமாக இருப்பது தூமா மெழுகுவத்தியில் கண்ட அதே அமிலம். அதை நாமே தடுக்கலாம். குப்பையை எரிக்காமல் இருந்தாலே போதும். அண்மைக் காலத்தில் குளிர்ப்பெட்டிகளில் வந்துள்ள மாற்று வாயுக்கள் ஓஸோனைக் கெடுப்பதில்லை. ஆயினும் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. அவற்றைக் குறைப்பதற்காக 2016-இல் கிகாலி நகரில் செய்த திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. புதிதாக வரும் ஒவ்வொரு வாயுவும் காற்றில் எத்தனை நாள் தங்கும், ஹைட்ராக்ஸிலும் குளோரின் அணுவும் அதனை எவ்வளவு விரைவாக அழிக்கும் என்று இப்போது முன்கூட்டியே அளக்கிறார்கள். மிட்ஜ்லியின் காலத்தில் அவ்வாறு அளந்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அளக்கக் கற்றுக்கொண்டதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. ஆயினும் ஒரு பொருளைக் காற்றில் விடுவதற்கு முன் அது எங்கே போகும், எப்போது அழியும் என்று கேட்கும் வழக்கம் அதனால் நமக்குக் கிடைத்தது. அவ்வழக்கத்தைக் கைவிடாமல் காப்பது இனி வருவோரின் பொறுப்பு.